செலவுக் கணக்கு

முதல் போட்டிக்கு வரலாறு கிடையாது.
செலவுக் கணக்குதான் இருக்கிறது,
சால்டோ நகரத் தையற்காரர் அபெலார்தோ பெந்தான்கூர்
பென்சிலால் எழுதி வைத்தது.

படகுக் கூலி, அக்கரையிலிருந்து இருபத்தொரு பேர்.
ரொட்டி. எலும்புக் கறி.
சுண்ணாம்பு, கோடு போட.
பச்சைத் துணி, அரை மீட்டர்.
விளக்கு, ஆறு.
மண்ணெண்ணெய்.
மறுபடி மண்ணெண்ணெய்.

யார் வென்றார்கள் என்று இல்லை.
எழுதுவானேன், எல்லோரும்தான் பார்த்தார்களே.

துணி எதற்கென்று கேட்டறிந்தேன்.
நகராட்சி அனுப்பிய துப்பாக்கிக்காரர்
வானத்தை நோக்கிச் சுட்டார்.
புறாக்கள் கிளம்பின.
எட்டுப் பேரும் குனிந்தது குனிந்தபடி.
யாரோ கடைக்கு ஓடினார்கள்,
ஓட்டப் பந்தயம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மண்ணெண்ணெய் புரிய நாளாயிற்று.
இரவில் ஓட்டமில்லை, பந்தில்லை.
கொன்கோர்தியாவின் ஓத்திலியா கிளோஸ்டர்
ஒரு தபால் அட்டையில் எழுதியிருக்கிறாள்:
"பள்ளியில் கையசைத்தால் பிரம்பு.
இருட்டினால் வாயடைப்பு.
அங்கே விடியும்வரை பேசினேன்,
தோள் வலிக்கிறது,
ஈட்டி எறிந்ததால் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்."

பராகுவேக்காரர்கள் மூன்றாவது முறை வந்தார்கள்.
ரொட்டிக்கு அவர்கள் கை வேறு.
சிரிப்பு, சண்டை, மறுநாள்
இரண்டு கையும் கலந்த மூன்றாவது கை.

ஆறாவது போட்டி:
காதுச் சோதனை மருத்துவர், ஒருவர், வாடகைக் காருடன்.
அதற்குக் கீழே,
உடைந்த தட்டு, ஒன்று.

சாப்பாட்டுக் கூடத்தில் அது விழுந்தபோது
நெமேசியோ ஓர்த்திகோசா திரும்பிப் பார்த்தானாம்.
கேட்கிறது இவனுக்கு என்று நான்கு பேர் எழுந்தார்கள்.
நீச்சல் பதக்கத்தைக் கழற்றி
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கூடத்துக்குப் போய் நின்றேன்.
மரத்தரை.
தோழியை விட்டு ஒரு தட்டைப் போடச் சொன்னேன், என் முதுகுக்குப் பின்னால்,
எப்போது என்று சொல்லாமல்.
உள்ளங்காலில் வந்தது.
திரும்பிவிட்டேன்.

பதினோரு வருடம் தள்ளி, வேறொரு கையெழுத்தில்:
தபால் தலை, என்கார்னாசியோனுக்கு,
பதிவுப் பார்சல், எடை நூற்றிருபது கிராம்.
பெயர் இல்லை, மன்னிப்பும் இல்லை.
எடையைப் பதக்கத்தோடு ஒப்பிட்டேன்,
டப்பாவோடு சேர்த்தால் சரியாக வருகிறது.

இப்போது கணக்கு என்னிடம்.
துணி போய் நிறம் மாறும் விளக்குகள் வந்துவிட்டன,
ஓடுபவர் கண்ணெதிரே தரையில்.
விடுதியில் பதினொன்றுக்குக் காவலாளி
மெயின் சுவிட்சை அணைப்பார்.
பின்கதவுச் சாவி யாரிடம் இருந்தது
என்பதை நான் எழுதப் போவதில்லை.

மின்கட்டணம், கூடுதல், ஒன்பது இரவு.
காரணம் என்ன என்று தணிக்கையாளர் கேட்டிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.