மாங்குளம் சந்தியில் நாலு கட்டம்

பெரு எந்தத் திசையில் கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது.
யெசேனியா கைபேசியில் உலகத்தை உருட்டி
அடிப்பக்கமாக விரலை வைத்தாள்.
கொப்பியில் நாலு கட்டம் கீறியிருந்தாள்:
சாப்பிட, குடிக்க, தங்க, பார்க்க.

சாப்பிடக் குகபாலன் கடை.
றோல்சைப் பிய்த்து உள்ளே பார்த்துச் சிரித்தாள்.
உருளைக்கிழங்கு தங்கட மலையில்தான் பிறந்ததாம்,
ஊதா நிறத்திலும் உண்டாம்.
குகபாலன் நம்பவில்லை.
"இது வெலிமடைக் கிழங்கு, தங்கச்சி. பில் இருக்கு."

குடிக்க, வெயில் ஏறமுதல் என்றால் கள்ளு,
பிறகென்றால் பிளேன்ரீ.
தங்க முல்லைத்தீவில் றோசலின் ரீச்சரின் முன்னறை.
ஃபான் இரண்டாம் இலக்கத்துக்கு மேல் சுற்றாது,
மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

கடைசிக் கட்டம் வெறுமையாய் இருந்தது.
குளம் இருக்கு என்றேன். நிறையக் குளம்.
ஒலுமடுப் பக்கம் மயில்.
மற்ற இடங்களுக்கு
எப்படி மீற்றர் போடுவதென்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவள் பேனையை மூடினாள்.
தன்ர ஊர் அயகூச்சோ என்றாள்.
வருகிறவர்கள் தேவாலயங்களைப் படமெடுத்துக்கொண்டு
பின்னேர பஸ்ஸில் போய்விடுவார்களாம்.
தாயின் தம்பி ஒருவர்
எண்பத்துநாலில் பாண் வாங்கப் போனவராம்.

கணக்குப் பார்த்தேன்: நான் பிறக்க முந்தி.
மிஞ்சிய றோல்சைப் பேப்பரில் சுற்றி
முன் தட்டில் வைத்தேன்.

ஒட்டுசுட்டான் கழிந்தும் கதையில்லை.
ரீச்சர் வீட்டையும் தாண்டி விட்டேன், அவள் கேட்கவில்லை.
வட்டுவாகல் பாலத்தில் மட்டும்
"மெதுவாக" என்றாள்.

அந்தப் பாலத்தில்
வேறு மாதிரி ஓட ஏலாது.