இருபத்து நான்கு பேர் செத்த அமைதி ஆண்டு

பெர்கனில் மழை.
இந்த ஊரில் அது செய்தியல்ல.
மூன்றாம் மாடியில் சுன்னிவா
தூரதேசத்துக் கால்வாய் ஒன்றைக்
கட்டங்களில் அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாடு ஒன்று. நாடு இரண்டு. தகராறு: நீர்.
முதல் கல் விழுந்த நாள்: தெரியாது.
முதல் குண்டு: ஏப்ரல், பிற்பகல்.
செத்தவர்கள்: இருபத்து நான்கு.

ஓராண்டில் இருபத்தைந்து பேர் செத்தால்
அது மோதல் என்கிறது விதிப்புத்தகம்.
ஒன்று குறைந்தால் அமைதி என்று
அதில் எங்கும் எழுதவில்லை.
கட்டத்தில் பூஜ்யம் விழுகிறது,
அவ்வளவுதான்.

சகின்பெக், மதகுக் காவலர்,
வயிற்றில் பட்ட குண்டோடு
கோடை, இலையுதிர்காலம், முதல் பனி
எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி ஜன்னலில் பார்த்துவிட்டு
ஜனவரி மூன்றாம் தேதி செத்தார்.
மூன்று நாள் பிந்திவிட்டார்.

வியாழக்கிழமை கீழ்த்தளத்தில் கருத்தரங்கு.
ஆர்ன்ஃபின் எழுந்தார்:
"உலகம் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.
ஆயிரம் எல்லைகளை அடுக்கிப் பாருங்கள்,
ஓர் ஒழுங்கு தலைகாட்டும்.
நான் தவறினால் எண் என்னைத் திருத்தும்.
உங்களை எது திருத்தும், தோர்திஸ்?"

தோர்திஸ் கண்ணாடியைத் துடைத்தாள்.
"கல் விழுவதற்கு விதி உண்டு, சரி.
எறிந்தவனுக்கு இருப்பது காரணம்.
மதகைத் திறப்பது இக்கரையில் வேலை,
அக்கரையில் வசவு.
உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே குறி."

கைதட்டல். சால்மன் வைத்த ரொட்டி.
யாரோ 'அறிவின் அடிப்படை' என்றார்,
இன்னொருவர் 'இருப்பின் அடிப்படை' என்று திருத்தினார்.
காப்பி ஆறியது.

சுன்னிவா கேட்டாள், அந்த இருபத்தைந்தாவது ஆள்?

"ஒருவருக்காகக் கோட்டை நகர்த்தினால்
நாளை எவனுக்காகவும் நகர்த்தலாம்," என்றார் ஆர்ன்ஃபின்.
கல்நெஞ்சக்காரர் இல்லை.
அந்த நாட்டு அமைச்சர் தொலைக்காட்சியில்
"யாரும் சாகவில்லை, மாடுகள் மிரண்டன" என்றபோது
இருபத்து நான்கு என்று எதிர்த்துச் சொன்னது
அவருடைய அட்டவணை ஒன்றுதான்.

"எதற்கு எண்ணுகிறாய்? அவர் கதையை எழுது,"
என்றாள் தோர்திஸ்.
அந்த மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.
அவர் பெயரையும் கேட்கவில்லை.

சுன்னிவா பையிலிருந்து எடுக்காத கடிதம் ஒன்று,
பெர்மெத் எழுதியது, சகின்பெக்கின் மனைவி:
*உங்கள் பட்டியலில் என் கணவர் இருக்கிறாரா?
மோதலில் செத்தவர்களுக்குத்தான் ஓய்வூதியமாம்.
மோதலா இல்லையா என்று
உங்களைக் கேட்கச் சொன்னார்கள்.*

உலகத்தைப் பார்க்க வைத்த ஜன்னல்
எப்போது கதவானது,
அதை யார் வெளியிலிருந்து தட்டுகிறார்கள் என்று
கீழே இருவருமே சொல்லவில்லை.

அவள் மொழியில் 'தெல்லே' என்றால் எண்ணு.
'ஃபொர்தெல்லே' என்றால் சொல்லு.
கதைக்குள்ளே கணக்கு உட்கார்ந்திருக்கிறது.
என் மொழியில் எண்ணுவதும் நினைப்பதும்
ஒரே வினை.
மாலை ஆறு மணிக்கு
ஆளில்லாத அறையில் அவள் செய்தது எது என்று
எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குறிப்புக் கட்டத்தில் தட்டச்சினாள்:
சகின்பெக், ஐம்பத்தொரு வயது,
மதகின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.
அந்தக் கட்டத்தை எந்தச் சமன்பாடும் படிக்காது.
ஆனாலும் அழியாது.

பிறகு பதில் கடிதம். நாலு முறை அடித்து எழுதினாள்.
*அன்புள்ள பெர்மெத்,
இருக்கிறார்.
அடுத்த ஆண்டின் வரிசையில், தனியாக.*

அலுவலகத்தில் எந்த ஆண்டு என்று கேட்பார்கள்.
அதற்கு என்ன எழுதுவதென்று
உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறாள்.