லோடு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில்
எடைமேடையை ஒட்டிய கூண்டுக்குள்
ஒரு நாளைக்கு நூறு தடவையாவது
இந்தச் சொல்லை எழுதுகிறேன்.
முதலில் காலி வண்டி. பிறகு லோடு வண்டி.
பெரியதிலிருந்து சின்னதைக் கழி,
சீட்டைக் கிழி, காசை வாங்கு,
அடுத்தவனைக் கூப்பிடு.

டிரைவர் இரண்டு முறையும் உள்ளேதான் இருப்பான்.
அதனால் கழித்தலில் காணாமல் போவான்,
தின்ற பரோட்டாவோடு
முதுகுக்குச் செருகிய தலையணையோடு
மூன்று மாத வாடகை பாக்கியோடு.

என் மேடைக்குப்
பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.

போன ஆனியில் பழைய பேப்பர் வண்டி ஒன்று
விளிம்பில் குலுங்கி
ஒரு புத்தகத்தைத் துப்பிவிட்டுப் போனது.
முன்னட்டை இல்லாத ஆங்கில அகராதி.
கூப்பிட்டேன், கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.
மேடையில் வைத்துப் பார்த்தேன்.
சிவப்பு எண்கள் அசையவே இல்லை.

சோற்று நேரத்தில் என் சொல்லைத் தேடினேன்.
கரையான் மிச்சம் வைத்ததில் இருந்தது:
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
லோடு என்றால் சுமை இல்லையாம்.
வழியாம். போகிற பாதை. போவது.
போகிறவன் தூக்கிப்போனதெல்லாம்
ஒவ்வொன்றாய் அந்தச் சொல்லின் தலையில் ஏறி உட்கார
வழி அடியில் நசுங்கிவிட்டது.
தப்பித்த கொஞ்சம்
மாலுமிகள் பார்த்துப் போகும் நட்சத்திரத்தின் பெயரில்
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

எண்ணூர் ரோட்டில் போய் இதைச் சொன்னால் அடிப்பார்கள்.
நான்கு கிலோமீட்டருக்குக் கன்டெய்னர் வரிசை.
வண்டிக்கு அடியில் ஸ்டவ் எரிகிறது,
கண்ணாடிக் கம்பியில் ஜட்டி காய்கிறது.
லோடு இருக்கிறது,
வழியைத்தான் காணோம்.

எங்கள் தெருவிலோ அதற்கு வேறு வேலைகள்.
ஈ.பி. மோசஸ் மீட்டரைத் தட்டிச் சொல்கிறார்,
"உங்க லோடு ரெண்டு கிலோவாட்டுதாம்மா, ஏசி தாங்காது."
சனிக்கிழமை ராத்திரி என் கொழுந்தன் ஃபுல் லோடு,
செருப்பு ஒரு வாசலில், ஆள் இன்னொரு வாசலில்.
குவைத்திலிருந்து தங்கச்சி கூப்பிடுகிறாள்.
திறந்த வாயோடு உறைந்த முகத்தின் மேல்
லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சிரிக்க வந்தாளோ, அழ வந்தாளோ.

செவ்வாய்க்கிழமை எட்டியப்பன்
வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.
எட்டாய் மடித்த தாளைக்
கூண்டின் ஓட்டை வழியே நீட்டினான்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி முத்திரை.

"இதுலயும் லோடுன்னு போட்ருக்காங்கக்கா.
நர்ஸம்மா நல்லதுன்னுதான் சொன்னாங்க.
நீதான் தெனம் லோடு பாக்கறவ,
நீ ஒரு தபா சொல்லு."

நோயின் பெயரை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.
லோடு என்ற கட்டத்துக்கு நேரே எண் இல்லை.
கண்டறியப்படவில்லை என்று இங்கிலீஷில் இருந்தது.

"அப்ப காலியா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
பொய் எடை சொல்லி எனக்குப் பழக்கமில்லை.
"காலி இல்ல.
மெஷினுக்குக் கண்ணு தெரியாத அளவு.
மாத்திரைய மட்டும் நிறுத்திடாத."

"வேற ஆளு மேல ஏறாதே?"
"நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"
"ஏறாதுன்னாங்க."
"அப்புறம் என்ன."

தாளை மறுபடி எட்டாய் மடித்தான்,
பழைய மடிப்புகளிலேயே.
வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ரொம்ப நேரமாக அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறகு வண்டியை எடுத்து வந்து மேடையில் ஏற்றினான்.
"லோடு இல்லக்கா. எஃப்.சி.க்குப் போவுது,
காலி எடை மட்டும் போதும். எறங்கிக்கவா?"
இரு, என்றேன்.

எண்கள் கொஞ்சம் ஆடி
பதினொரு டன் இருநூற்றுப் பத்தில் நின்றன.
எழுதினேன்.
கழிக்க ஒன்றுமில்லை.
எட்டியப்பன் உள்ளே இருக்கிறான்.