அடித்துத் திருத்திய மனு

முக்கூடல் ஸ்டேஷனில் பேனா என்னுடையது.
எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு
இருபது வருஷமாக எழுதுகிறேன்:
ஆடு மாயம், பைக் மாயம்,
பிளஸ் டூ மாணவி மாயம்.

பரமக்கனி வந்தது மத்தியானச் சோற்றுக்கு முன்.
வெளியே மழை. விரல் நுனிகளில் பீடித்தூளின் மஞ்சள்.
புருஷன் பெயர் உச்சிமாகாளி, வயது ஐம்பத்திரண்டு,
இடது உள்ளங்கையில் சூட்டுத் தழும்பு.
தொழில்?
'செப்பிடு வித்தை.'
பதினொரு நாளாக மாயம் என்று எழுதினேன்.

'அதை அடிச்சிருங்க ஏட்டையா.
மாயம் அவிய தொழிலு.
தொழிலுக்குப் போனவியள
நான் என்னைக்குத் தேடியிருக்கேன்?'

அடித்தேன்.
அடித்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது.
மாய் என்றால் மறை.
மாய் என்றால் சா.
ஒரே வேரில் இரண்டு கிளை.
இந்த ஆள் எதில் உட்கார்ந்திருக்கிறான் என்று
காகிதத்துக்கு எப்படித் தெரியும்?

'யாரோ சூனியம் வச்சிட்டாவன்னு
தெருவே பேசுது' என்றாள்.
சூனியம் என்றால் சைபர், அம்மா.
கணக்கு நோட்டில் போடுகிற முட்டை.
ஒன்றுமில்லாததை யாரும் வைக்க முடியாது.
'ஒண்ணுமில்லாததத்தான அவிய
முப்பது வருசமா கிண்ணத்துக்கு அடியில வச்சாவ.
அதுலதான மூணு பிள்ளையளையும் கரையேத்தினோம்.'

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்:
நாளை மந்திரி வருகிறார், பாலத்துக்கு நாலு பேர்!
பழைய ராஜாவின் காதில் ஓதியதும் மந்திரம்,
பாம்புக்கடிக்கு ஓதுவதும் மந்திரம்.
எனக்குப் பாலத்தின் கிழக்கு முனை.

அவள் மஞ்சள் பையைத் திறந்து
மூன்று கிண்ணங்களை மனுவின்மேல் கவிழ்த்தாள்.
செம்பால் ஆனதால் செப்பு.
வாய்திறந்து சொன்னால் அதுவும் செப்பு.
ஊரை ஒட்டி ஓடுகிற ஆற்றுக்கும்
பெயரில் இதே உலோகம்.
இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

'கூட்டத்துல முன்னால நின்னு
தப்பான கிண்ணத்தக் கைகாட்டுதது நான்தான்.
யாரோ பொம்பளை மாதிரி.
பாவநாசத்துல ஆடி அமாவாசைக்கு,
வள்ளியூர்ச் சந்தைக்கு,
போன எடமெல்லாம்
தெரிஞ்சே தப்பாக் காட்டினேன்.'
நடுக்கிண்ணத்தைத் தொட்டாள். தூக்கவில்லை.
'இப்பதான் ஏட்டையா, நெசமாவே தெரியல.'

காணவில்லை என்று எழுதினேன்.
அந்தச் சொல்லில் வித்தை எதுவும் கிடையாது:
முன்பாதியில் ஒரு கண்,
பின்பாதியில் இல்லை.
படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன்.
தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்,
பரமக்கனியில் 'ர' மட்டும் கொஞ்சம் சரிந்து.

கிண்ணங்களோடு அவள் படியிறங்கிய பிறகு
பார்த்தேன். மனுவின் நடுவே
ஈரக் களிம்பின் பச்சையில் மூன்று வட்டம்.
துடைத்தால் எழுத்தும் போய்விடும்.
கார்பன் பிரதியைப் புரட்டினேன்.
அதில் பெயர் இருந்தது, தழும்பு இருந்தது,
அடித்த சொல்கூட அப்படியே இருந்தது.
வட்டங்கள் இல்லை.