எந்தக் கைக்கும்

பிறைத் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் கிளைத் தண்டவாளம்
நேர்ப்பாதையை விட்டுப் பிரிகிற இடத்தில்
விடிகாலை மூன்று பத்துக்கு
சிமெண்டு வண்டி நின்றுகொண்டிருந்தது.
நின்றிருக்கக் கூடாது.
பாடாங் பெசாரிலிருந்து கொள்கலன் வண்டி
வந்துகொண்டிருந்தது.
அதுவும் அந்தத் தடத்தில் வந்திருக்கக் கூடாது.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது.
நான் காப்புறுதிக் கம்பெனி ஆள்.
சேதத்தை எண்ணுவேன்.
காரணம் வேறு துறை.

போய்ச் சேரும்போது மழை பிடித்திருந்தது.
நான்கு கொள்கலன்கள் சாக்கடையோரம் சாய்ந்து
ஒன்று மட்டும் வயிறு பிளந்து.
உள்ளே இருந்தவை ரப்பர் கையுறைகள்,
பெட்டிக்கு நூறு,
வெள்ளை, பொடி போடாதது, நடுத்தர அளவு,
எங்கோ ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு.
ஆவணத்தில் எட்டு லட்சம்.
"எண்ணி முடிச்சிடுவியா தவமலர்?"
கிரேன்காரன் ஆ செங் கேட்டான்,
சிரிக்காமல்.

அட்டைப்பெட்டிகள் தொட்டால் கரைந்தன.
கைகள் மிதந்து போயின,
ஓடையில், மதகில்,
கம்பிவேலியில் சிக்கி
ஐந்து விரலும் விரித்து,
வா என்றோ வராதே என்றோ.

ஏழு மணிக்கு அடுக்குமாடிப் பிள்ளைகள்
பள்ளிச் சீருடையோடு வந்து ஊதிப் பார்த்தார்கள்.
ஒருவன் ஊதியது பசுமடியாக
ஒருத்தி குந்தி உட்கார்ந்து கறந்து காட்டினாள்.
சிரித்துவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மீன் வெட்டும் பெண்கள் இருவர்
பை நிறைய அள்ளிப் போனார்கள்.
அந்நேரம் நான் வேறு பக்கம் திரும்பி
மழையை அளந்துகொண்டிருந்தேன்.

கொள்கலன் வண்டி ஓட்டுநர் ஷம்சூரியை
செபராங் ஜெயாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
பிழைத்துவிடுவார் என்றார்கள்.
என்றார்கள், அவ்வளவுதான்.
எஞ்சின் படியில் அவருடைய ஒற்றைச் சப்பாத்து,
கயிறு இறுக்கிக் கட்டியபடியே.
எண்ணவில்லை.
அது சரக்கில் சேராது.

தடம் மாற்றுகிற குணாளனை
ஸ்லீப்பர் கட்டை மேல் உட்காரவைத்து
மலாயில், மெதுவாக, மரியாதையாகவே
கேட்டுக்கொண்டிருந்தார்கள்:
நெம்புகோலை இழுத்தது யார் கை?
என் கை என்றார்.
பிறகு, விளக்கு பச்சை என்றார்.
பிறகு, வயர்லெஸ்ஸில் இழுக்கச் சொன்னார்கள் என்றார்.
பிறகு, அந்தப் பூட்டு மூன்று வாரமாகச் சரியில்லை,
எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார்.
யாரிடம்?
அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார்.
இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

தொடர்ந்து மூன்றாவது இரவு ஓவர்டைம் என்பதை
அவர் சொல்லவில்லை.
கோப்பிக் கோப்பையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.
யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
நானும்தான்.

ஈரமாக ஒரு கையுறை என்னிடம் இருந்தது.
மாட்டினேன். கழற்றி மறு கையில் மாட்டினேன்.
இந்த ரகத்தில் இடது வலது கிடையாது.
எந்தக் கைக்கும் பொருந்தும்.

மழை விட்டது.
சரிந்த வண்டியின் சிமெண்டு
தண்டவாளத்தின் மேல் கூழாகி
வெயிலில் இறுக ஆரம்பித்தது.
மறுநாள் நேப்பாளத் தொழிலாளிகள்
துளைப்பானோடு உடைக்க உடைக்க
உள்ளேயிருந்து கைகள் வந்தன.
வாய் திறந்து கிடந்தவை
கூழை வாங்கி நிறைந்து
கல்லாகிவிட்டிருந்தன.
பிரேம் தாப்பா ஒன்றைத் தூக்கித்
தன் கையோடு சேர்த்து ஒருமுறை குலுக்கினான்.
உடனே கீழே போட்டுவிட்டான்.

நான்காம் நாள் தடம் திறந்தது.
பதினோராம் வாரம் முடிவு வந்தது:
மனிதத் தவறு.
ஒருமையில்.
குணாளன் இப்போது புக்கிட் மெர்தாஜாமில்
ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் என்று கேள்வி.
கேட்டைத் திறக்கிறார், சாத்துகிறார்.

எட்டு லட்சமும் நட்டம் என்று எழுதினேன்.
அது பொய்.
ஒன்று என் மேசை மேல் இருக்கிறது,
கட்டைவிரல் உடைந்து,
உள்ளங்கை மேலே பார்த்து.
ஏதாவது வை என்பது போல் இருந்ததால்
கிளிப்புகள் போட்டு வைத்திருக்கிறேன்.