வினாடிக்கு இரண்டு மீட்டர்

தவுக்கே ஓங் மின்கட்டண பில்லை
இழவுச் சேதிபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.
பத்து மாவுங்கில் ஐஸ் தொழிற்சாலை.
முப்பத்தோராயிரம் ரிங்கிட், ஜூன் மாதம் மட்டும்.
காகிதத்தில் மீன் வாடை.
"வரியிலாவது கொஞ்சம் கழியுமா, குணவதி?"

எனக்கு வெயிலைக் கழிக்கத் தெரியும்.
கூரையில் சூரியப் பலகை பதித்தால்
செலவில் இத்தனை பங்கு லாபத்துக்கு எதிராக,
மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம்.
இந்த ஆண்டு வெயிலை
அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம் என்று
எழுத்திலேயே இருக்கிறது,
பக்கம் நான்கு, பத்தி இரண்டு.
அதைச் சொல்லும்போதெல்லாம்
எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும்
கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அவர் கேட்டது காற்றுக்கு.

கூரை அப்பா காலத்து ஆஸ்பெஸ்டாஸ்,
பூனை நடந்தாலே முனகும், பலகை தாங்காது.
மதிலோரம் கம்பம் நட்டு
மகன் ஒரு காற்றாலை நிறுத்தியிருக்கிறான்.
பெட்டியில் வந்தது, மூன்று இறக்கை.
முதல் வாரம் நாய்கள் அதைப் பார்த்துக் குரைத்தன.
இரண்டாம் வாரம் அதன் நிழலில் படுத்தன.
அசையாத நிழல், நாய்களுக்கு வசதி.

படிவத்தில் சூரியனுக்குக் கட்டம் உண்டு,
செம்பனைச் சக்கைக்கு உண்டு, சாணத்துக்கும் உண்டு.
கடைசியில் 'மற்றவை, விளக்குக' என்று
விரல் நீளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.
அதில் காற்று என்று எழுதினேன்.
எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடவில்லை.

தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தது:
வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல்,
கிழக்கே கொண்டல், மேற்கே கோடை.
இங்கே மேற்கிலிருந்து வருவதை
மீனவர்கள் சுமத்ரா என்கிறார்கள்.
புத்தகப்படி அது கோடை.
வருவதோ மழையோடு,
விடியுமுன், கதவைத் தட்டாமல்.

ஓராண்டு அளந்த கணக்கைப் பின்னால் இணைத்தேன்.
சராசரி, வினாடிக்கு இரண்டு மீட்டர்.
புத்ராஜெயாவிலிருந்து நோர்லைலா கூப்பிட்டார்:
"புவான், இதைக் காற்று என்று எப்படிச் சொல்வது?
நான் மூச்சு விடுவதே இதைவிட வேகம்."
கிண்டல் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.
அவர் அறையில் மின்விசிறி ஓடுவது கேட்டது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, அதிகாலை நாலு மணி,
சுமத்ரா வந்தது.
நாற்பது நிமிடம் இறக்கைகள் சுற்றின.
மகன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே அழுதானாம்.
நாற்பத்தோராவது நிமிடம் ஒன்று கழன்று
கூரையைப் பிளந்து ஐஸ் தொட்டிக்குள் இறங்கியது.
ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

காப்புறுதிப் படிவத்தில்
சேதத்தின் காரணம் என்ற இடத்தில்
காற்றுக்குத் தனிக் கட்டம் இருந்தது.
முதல் கட்டமே அதுதான்.
குறியிட்டேன்.

பணம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் போனது. சிங்க் கூரை ஏறியது.
புதுக் கூரையில் பலகை, பலகைக்குச் சலுகை,
பக்கம் நான்கு, பத்தி இரண்டு.
நோர்லைலா மூன்றே வாரத்தில் ஒப்புதல் அனுப்பினார்.
வெயிலுக்கு வழி விட்டது யார் என்று எழுத
அதில் புள்ளிக்கோடு இல்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்கு
மீட்டர் காட்டியது மூன்று யூனிட்.
ஐஸ் கணக்கில் ஒரு கட்டி.
அதை உடைத்து ஏதோ ஒரு படகில் ஏற்றியிருப்பார்கள்,
கெம்போங் மீனுக்கு அடியில் கிடந்து
கரை திரும்புவதற்குள் கரைந்திருக்கும்.
நான் அதை எங்கேயும் காட்டவில்லை.

நேற்று தவுக்கே வந்தார், கையில் சூடான பாவ்.
கம்பத்தில் இன்னும் இரண்டு இறக்கை இருக்கிறதாம்.
"அதற்குத் தேய்மானம் போடலாமா?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.