மடிப்பு

நானூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு முன்னால் ஒன்று.
எண்ணியவள் நான். படிவத்தில் கையெழுத்தும் என்னுடையது.

பள்ளத்தாக்கின் மேல்கோடி, அக்டோபர்,
ஆஸ்வால்டுரின் கொட்டில்.
மோரா என்ற பழுப்புப் பெட்டை
சுவரில் உரசி உரசி விலாக் கம்பளி உதிர்ந்து நின்றாள்.
நடந்தால் பின்னங்கால் பின்னியது.
மடியைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பால்.
காய்ச்சல் இல்லை.
முதுகைச் சொறிந்ததும்
உதட்டைச் சப்புக்கொட்டிக் கண் செருகினாள்.
எனக்கு அப்போதே தெரியும்.

மூளைத்தண்டில் ஒரு துண்டு,
கட்டைவிரல் நகம் அளவு,
புட்டிக்குள் தெற்கே போனது.
ஒன்பதாம் நாள் தொலைபேசி.
"ஒன்றுக்குத்தானே?" என்றார் ஆஸ்வால்டுர்.

ஒன்றுக்குத்தான்.
கிருமி என்றால் விளக்குவது சுலபம்:
கிருமிக்குப் பசி உண்டு, சாவும் உண்டு.
இது வெறும் புரதம். அவளுடைய சொந்தப் புரதம்.
அதே மணிகள், கோத்த வரிசையும் அதே,
மடிந்த விதம் மட்டும் கோணல்.
கோணலானது நேரானதன் பக்கத்தில் போய் நிற்கும்.
தள்ளாது, கடிக்காது.
நேரானது தன்னைத்தானே அவிழ்த்து
அதேபோல மடிந்துகொள்ளும்.
பிறகு இரண்டும் அடுத்ததன் பக்கத்தில் போய் நிற்கும்.
வெந்நீரில் குலையாது. வெயிலில் குலையாது.
மண்ணில் பத்து வருடம் பொறுத்திருக்கும்.
உயிரில்லாததை எப்படிக் கொல்வது?
அதனால்
உயிருள்ளவற்றைக் கொன்றோம்.

இரண்டு நாள் ஆயிற்று.
வைக்கோலை எரித்தோம், பலகைகளைச் சுரண்டினோம்,
முற்றத்தில் ஒரு சாண் மண்ணை வழித்துச் சரளை கொட்டினோம்.
ஹெர்டிஸ் எனக்குக் காபி கொடுத்தாள்.
கோப்பையைக் கழுவவில்லை, அடுப்பில் போட்டாள்.
அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து
அவள்தான் கூப்பிட்டாள்.
நான் மாட்டு வைத்தியம் பார்க்கிறவள், மனுஷ வைத்தியம் தெரியாது என்றேன்.
தெரியும், வா என்றாள்.

முதலில் மணம் போயிற்றாம்,
மீன் கருகுவதுகூடத் தெரியாமல்.
அப்புறம் உறக்கத்தில் கத்தல், உதைத்தல்.
அப்புறம் வலது கை
இல்லாத நூலை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தது.
இப்போது அவர் நடக்கும்போது
என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஊர் டாக்டரிடம் கேட்காததை
என்னிடம் கேட்டார்:
"என் ஆடுகளிடமிருந்தா?"

இல்லை, ஆஸ்வால்டுர். இது வேறு புரதம்.
ஆட்டிடமிருந்து வரவில்லை. ஹெர்டிஸுக்கும் வராது.
சொன்னது அத்தனையும் உண்மை.
சொல்லாதது:
இதற்கும் அதே பழக்கம்.
ஒரு செல்லில் கோணி, நரம்பிழை வழியே அடுத்ததற்கு,
வேலி தாண்டி அடுத்த பண்ணைக்கு,
தண்டிலிருந்து மெல்ல மேலேறி,
ஒருநாள் பெயர்கள் மேயும் இடத்துக்கு.
அங்கே எந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட?
எந்த மண்ணை வழிக்க?

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
என் முழங்காலுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து
"நகர்ந்து உட்கார், மிதிக்கிறாய்" என்றார்.

நகர்ந்தேன்.

சமையலறை நிறைய நிற்கின்றனவாம்.
மேசைக்கடியில், குளிர்பெட்டி ஓரம், படிகளில்.
ஈரக் கம்பளியோடு, சத்தமே இல்லாமல்.
காதுவெட்டு அத்தனையும் அவருடையதுதானாம்,
வலது நுனி பிளந்து, இடதில் ஒரு பிறை.
பயமா என்று கேட்டேன்.
சிரித்தார், முகம் அசையாமல், கண்ணால் மட்டும்.
"உனக்குத்தான் எண்ணத் தெரியுமே. எண்ணு."

வெறும் தரையைப் பார்த்து
உதடசைத்தேன். வெகுநேரம்.
"நானூற்றுப் பன்னிரண்டு."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்.
ஹெர்டிஸ் நம்ப மாட்டேன் என்கிறாள்."

ஹெர்டிஸ் எழுந்து போய்
வெளிக்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.
பனித்தூள் விரிப்புவரை வந்தது.
மோரா எப்போதும் மெதுவாகத்தான் வருவாள் என்றார் அவர்,
அவசரப்படுத்தாதே.